இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கடந்து வந்த மனநெருக்கடி



காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்கிறோம். சர்க்கரை கூடினால் மாத்திரை உட்கொள்கிறோம். அதை யாரிடமும் மறைப்பதில்லை. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து அதைப் பற்றித் தாராளமாகப் பேசிக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால் மனம் நோயுற்றால் நம் நடைமுறை அடியோடு மாறிவிடுகிறது. உறக்கமின்றித் தவிப்பவர், உணவில் நாட்டமிழந்தவர், காரணமின்றி அழுபவர், கடைக்குச் செல்ல மனமின்றி வீட்டின் ஓர் அறையிலேயே முடங்கிக் கிடப்பவர் ஆகியோரைக் கண்டால் ஈமான் குறைந்துவிட்டது என்கிறோம், தொழுகையில் பேணுதல் இல்லை என்கிறோம், கண்ணேறு என்கிறோம். வீட்டாரோ பிள்ளைகளின் திருமணப் பேச்சு தடைப்படுமே என்று அஞ்சி, வெளியே தெரியாமல் மூடி மறைக்கிறார்கள். நோயாளி தனித்து விடப்படுகிறார்.

மனநோவு ஈமான் குறைந்தவர்களுக்கே வரும் என்று எண்ணுவோர் ஒரு மாபெரும் இமாமின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நலம். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், அதாவது இஸ்லாத்தின் ஆதாரம், என்று முஸ்லிம் உலகம் போற்றும் இமாம் அபூஹாமித் முஹம்மது அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் வாழ்வின் நடுப்பகுதியில் பேச்சும் உணவும் தடைப்படும் அளவுக்கு மனநெருக்கடிக்கு ஆளானார்கள். அதனை மறைக்காமல் தம் நூலில் தாமே எழுதியும் வைத்தார்கள்.

பிறப்பும் இளமையும்

இமாமவர்கள் ஹிஜ்ரி 450 (கி.பி. 1058) ஆம் ஆண்டில் குராஸான் நாட்டின் தூஸ் நகரைச் சேர்ந்த தபரான் என்னும் ஊரில் பிறந்தார்கள். இன்று அப்பகுதி ஈரான் நாட்டில் மஷ்ஹத் நகருக்கு அருகே உள்ளது. தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. உலமாக்களின் அவையில் அமர்வதில் பெரிதும் விருப்பமுடையவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மக்களுக்காவது கிட்ட வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். மரணம் நெருங்கியபோது, முஹம்மது, அஹ்மது என்னும் தம் இரு சிறுவர்களையும், கையிலிருந்த சிறு பொருளையும், ஸூஃபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார்.

அந்நண்பரும் வறியவரே. ஒப்படைக்கப்பட்ட பொருள் தீர்ந்தபின், மத்ரஸாவில் சேர்ந்தால் கல்வியோடு உணவும் கிடைக்கும் என்று கூறிச் சிறுவர்களை அங்கே அனுப்பினார். ஆகவே அவர்களுடைய கல்விப் பயணம் வயிற்றுப் பசியை முன்னிட்டே தொடங்கியது எனலாம். அல்லாஹ் அல்லாததற்காகத் தேடிய கல்வி, முடிவில் அல்லாஹ்வுக்காகவே ஆகிவிட்டது என்ற கருத்தில் இமாமவர்கள் இதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

தூஸில் அஹ்மத் அர்ராத்கானி அவர்களிடம் ஃபிக்ஹு பயின்றபின் இளைஞர் கஸ்ஸாலி ஜுர்ஜான் நகருக்குச் சென்று கற்றார்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் கொள்ளையர் பிடித்துக்கொண்டு பாடக் குறிப்புகள் உட்பட அனைத்தையும் பறித்தனர். குறிப்புகளை மட்டும் திருப்பித் தருமாறு கஸ்ஸாலி கெஞ்சியபோது, காகிதத்தைப் பறித்தவுடன் பறிபோய்விடும் அறிவு என்ன அறிவு என்ற பொருளில் கொள்ளையர் தலைவன் நகைத்துவிட்டுக் குறிப்புகளைத் தந்தானாம். ஊர் திரும்பியதும் அவர்கள் மூன்றாண்டுகள் செலவிட்டு அவை அனைத்தையும் மனனம் செய்ததாக இமாம் ஸுப்கி (ரஹ்) அவர்களின் நூல் கூறுகிறது.

நைஷாப்பூரிலிருந்து பக்தாதுக்கு

பின்னர் நைஷாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி (ரஹ்) அவர்களின் மாணவரானார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டக்கலையும், அகீதாவும், தர்க்கமும் அங்கே கற்றுத் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 478 (கி.பி. 1085) இல் ஆசிரியர் வஃபாத்தானதும், ஸல்ஜூக் பேரரசின் பெரும் வஸீரான நிழாமுல் முல்க் அவர்களின் முகாமை அடைந்தார்கள். அறிஞர்கள் கூடி வாதிட்ட அவ்வவையில் இளம் கஸ்ஸாலியை வெல்ல எவராலும் இயலவில்லை.

ஹிஜ்ரி 484 (கி.பி. 1091) இல், முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்கு வயதிலேயே, பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அக்காலத்தில் ஓர் ஆலிமுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அதுவும் ஒன்று. முந்நூறு மாணவர்கள் அவர்களின் பாடத்தைக் கேட்டனர். கலீஃபாவின் அரண்மனையிலும் ஸுல்தானின் அவையிலும் அவர்களின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கற்பித்தலுக்கிடையே கிடைத்த நேரத்தில் கிரேக்கத் தத்துவ நூல்களைத் தாமே படித்துத் தேர்ந்து, தத்துவவாதிகளின் பிழைகளை ஆராயும் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூலை ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) இன் தொடக்கத்தில் எழுதி முடித்தார்கள்.

அறிவைத் தேடும் வழியில் அவர்கள் முன்னரே ஒருமுறை இடறி விழுந்து எழுந்திருந்தார்கள். கண்ணால் காண்பது மெய்யா, அறிவால் அறிவது மெய்யா என்ற ஐயம் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எதிலும் உறுதியின்றித் தவித்தார்கள். அதனை ஒரு நோய் என்றே அவர்கள் எழுதினார்கள். வாதத்தினாலோ ஆதாரங்களை அடுக்கியதாலோ அந்நோய் நீங்கவில்லை. அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஓர் ஒளியினால் நீங்கியது என்பது அவர்களின் வாக்குமூலம்.

நாவு கட்டுண்ட ஆறு மாதங்கள்

புறத்தே புகழ் வளர்ந்தபோது அகத்தே அமைதி குறைந்தது. காலமும் கொந்தளிப்பாக இருந்தது. ஹிஜ்ரி 485 (கி.பி. 1092) ரமளானில் அவர்களை ஆதரித்த நிழாமுல் முல்க் கொலையுண்டார். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஸுல்தான் மலிக்ஷாவும் மாண்டார். அரியணைக்கு வாரிசுகள் போரிட்டனர். ஆயினும் தம் துயரத்துக்குக் காரணமாக இமாமவர்கள் அரசியலைக் குறிப்பிடவில்லை. தம் நிய்யத்தையே குறிப்பிட்டார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வின் பொருத்தத்துக்காக அன்று, பதவிக்கும் பெயருக்குமே என்று உணர்ந்தபோது, இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பதாகத் தம்மைக் கண்டார்கள்.

ஹிஜ்ரி 488 ரஜப் (கி.பி. 1095 ஜூலை) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. பக்தாதை விட்டு வெளியேறுவது என்று ஒரு நாள் முடிவெடுப்பார்கள். மறுநாள் அம்முடிவைக் கைவிடுவார்கள். காலையில் மறுமையின் நாட்டம் மேலோங்கும். மாலையில் உலக ஆசைகள் படை திரட்டி வந்து அதைக் கலைத்துவிடும். இவ்வளவு நல்ல பதவியை விட்டால் மீண்டும் கிடைக்குமா என்று மனம் கேட்கும்.

இறுதியில் உடலே முடிவெடுத்தது. அவர்களின் நாவு கட்டுண்டது. வந்திருக்கும் மாணவர்களின் மனம் மகிழ ஒரு நாளாவது பாடம் நடத்திவிட வேண்டும் என்று முயன்றார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. பேச்சிழந்த துயரம் உள்ளத்தைத் தாக்க, உணவு செரிக்கும் ஆற்றல் போயிற்று. ஒரு மிடறு நீரும் இலகுவாக இறங்கவில்லை; ஒரு கவளமும் செரிக்கவில்லை. உடல் தளர்ந்தது.

மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டனர். பக்தாது அப்போது மருத்துவத்தில் சிறந்திருந்த நகரம். அளுதுத் தவ்லாவின் பெயரால் கி.பி. 982 இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனை அந்நகரில் இருந்தது. மனத்தின் துயரும் அச்சமும் உடலைத் தாக்கும் என்பதையும், உடலின் கோளாறு மனத்தை வாட்டும் என்பதையும் முஸ்லிம் மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். கி.பி. 934 இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்கான பரிகாரங்களை விளக்கித் தனி நூலே இயற்றியிருந்தார். இமாமவர்களைச் சோதித்த மருத்துவர்கள் உண்மையையே உரைத்தனர்: இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்தை வருத்தும் கவலை அகலாதவரை மருந்துக்கு வழியில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இவர்கள் தொழுகையை விட்டவர்கள் அல்லர். மார்க்கம் அறியாதவர்களும் அல்லர். தம் காலத்து முஸ்லிம்களுக்கு மார்க்கத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கே பேச்சு நின்றது, உணவு நின்றது. மனநோவு ஒருவருக்கு வந்துவிட்டது என்பதைக்கொண்டு அவருடைய ஈமானை எடைபோடும் உரிமை நமக்கு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

பயணமும் தனிமையும்

தம் ஆற்றல் முழுவதும் தீர்ந்துபோன நிலையில், வேறு புகலிடமில்லாதவன் கையேந்துவது போல் அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பதவியையும் பொருளையும் விட்டுப் பிரிவது அதன்பின் அவர்களுக்கு எளிதாயிற்று. கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடக் கூடாது என்பதால் மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லி, ஷாம் நாடு செல்லத் திட்டமிட்டார்கள். தம் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்; பிள்ளைகளின் வாழ்வுக்குத் தேவையானதை மட்டும் ஒதுக்கிவைத்தார்கள். நிழாமிய்யாவில் பாடம் நடத்தும் பொறுப்பைத் தம்பி அஹ்மது அவர்கள் ஏற்றார்கள். ஹிஜ்ரி 488 துல்கஅதாவில் (கி.பி. 1095 நவம்பர்) இமாமவர்கள் பக்தாதிலிருந்து புறப்பட்டார்கள்.

ஊர் என்ன சொல்லிற்று? அரசுக்கு அஞ்சி ஓடுகிறார் என்றனர் சிலர். இவ்வளவு உயர்ந்த பதவியை எவராவது மார்க்கத்துக்காக விடுவார்களா என்று வியந்தனர் சிலர். இஸ்லாமியர்களுக்கும் கல்விக்கும் கண்ணேறு பட்டுவிட்டது என்று புலம்பினர் வேறு சிலர். ஒருவரின் உள்ளத்து வேதனையை அறியாமல் அவருக்குக் காரணம் கற்பிக்கும் வழக்கம் அன்றும் இருந்தது.

டமாஸ்கஸ் நகரில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்தன. அங்கே உமையாப் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் திக்ரிலும் சிந்தனையிலும் இருப்பார்கள். பைத்துல் முகத்தஸ் சென்று, குப்பத்துஸ் ஸக்ராவிலும் அவ்வாறே தனித்திருந்தார்கள். சிலுவைப் போர்வீரர்கள் கி.பி. 1099 இல் அந்நகரைக் கைப்பற்றுவதற்கு முந்தைய காலம் அது. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் அடக்கமாகியுள்ள ஹெப்ரோன் நகரில், இனி எந்த ஆட்சியாளரிடமும் செல்வதில்லை, அவர்களின் பொருளை ஏற்பதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை என்று மூன்று உறுதிகளை எடுத்தார்கள். பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஸியாரத்துச் செய்தார்கள்.

நாவை அடைத்த நோய்க்கு மூலகாரணம் புகழாசை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். எனவே புகழ் கிடைக்காத இடத்தில், எளிய மனிதராக வாழ்ந்து பார்த்தார்கள். வேதனையை மட்டும் தணித்துவிட்டு வேரை விட்டுவைக்கவில்லை.

மீண்டும் குடும்பம், மீண்டும் பாடசாலை

இவ்வரலாற்றில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. எப்படியாவது எல்லாவற்றையும் துறந்து ஓடிவிடுவதே நிம்மதி என்று இமாமவர்களின் வாழ்க்கையைப் படித்துவிட்டு எவரும் முடிவு செய்தல் கூடாது. ஹஜ்ஜுக்குப் பின் தம்மை ஊருக்கு இழுத்து வந்தது பிள்ளைகளின் அழைப்பே என்று அவர்கள் எழுதினார்கள். ஊர் திரும்பிய பின்னரும் மனைவி மக்களின் தேவைகளும் வாழ்க்கைச் செலவுகளும் அவர்களின் தனிமையைக் குலைத்தன. தூய நிம்மதி விட்டுவிட்டே கிட்டியது என்றும், ஆயினும் அதில் நம்பிக்கை இழக்காமல் தடைகளுக்குப் பின் மீண்டும் மீண்டும் அதன்பால் திரும்பியதாகவும் ஒளிவின்றிச் சொன்னார்கள். இப்படி ஏறத்தாழ பத்தாண்டுகள் கழிந்தன. ஒரே இரவில் குணமானதாக அவர்கள் எங்கும் எழுதவில்லை.

ஹிஜ்ரி 499 துல்கஅதாவில் (கி.பி. 1106 ஜூலை) நைஷாப்பூர் நிழாமிய்யாவில் பாடம் நடத்த வருமாறு, நிழாமுல் முல்கின் மகன் ஃபக்ருல் முல்க் வலியுறுத்தினார். இமாமவர்கள் தயங்கினார்கள். நல்லவர்கள் சிலருடன் ஆலோசித்தபின் ஏற்றுக்கொண்டார்கள். அதே மனிதர், அதே ஆசிரியத் தொழில். ஆனால் நிய்யத்து வேறு. முன்னர் பெயரைப் பெற்றுத்தரும் கல்வியைக் கற்பித்தேன்; இப்போது பெயரைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்பது அவர்கள் கருத்தின் சுருக்கம்.

இம்மாற்றம் உண்மையானதா? அவர்களை முன்பும் பின்பும் நேரில் கண்ட நைஷாப்பூர் அறிஞர் அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸீ இதற்குச் சாட்சி. முன்பு பிறரைத் தாழ்வாகப் பார்க்கும் இயல்பும் கர்வமும் கஸ்ஸாலியிடம் இருந்ததாக அவர் மறைக்காமல் எழுதுகிறார். பிற்காலத்துப் பணிவைக் கண்டபோது இது வேடமாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றார். பலமுறை சந்தித்து ஆராய்ந்தபின், ஐயம் நீங்கி, இது மெய்யான மாற்றமே என்று பதிவு செய்தார்.

இறுதியாக ஊராகிய தூஸுக்குத் திரும்பி, வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்தார்கள். கடைசிக் காலத்தில் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களைப் பயில்வதில் ஈடுபட்டார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18) காலை ஒளு செய்து தொழுதபின் தம் கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிக் கால்நீட்டிப் படுத்தார்கள் என்றும், பொழுது நன்கு விடியுமுன் உயிர் பிரிந்தது என்றும் தம்பி அஹ்மது அவர்கள் அறிவித்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்களுக்குப் பெண்மக்கள் மட்டுமே எஞ்சினர்.

இஹ்யாவில் மனத்துக்கான மருத்துவம்

இமாமவர்கள் பட்ட துன்பம் வீணாகவில்லை. அலைந்து திரிந்த அந்த ஆண்டுகளில் உருவானதே இஹ்யாஉ உலூமித்தீன். வணக்கங்கள், அன்றாட வழக்கங்கள், அழிவில் தள்ளுபவை, ஈடேற்றம் தருபவை என நான்கு பகுதிகளும், பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்களும் கொண்டது அது. அதன் சாரத்தைப் பாரசீக மொழியில் கீமியாயே ஸஆதத் என்னும் பெயரில் எழுதினார்கள். இவற்றின் பகுதிகள் தமிழிலும் வெளிவந்துள்ளன. அன்றாட மனத் துயரங்களுக்கு அந்நூலில் காணப்படும் வழிகளுள் சில வருமாறு:

முதலாவது, கோபம். கோபத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று இமாமவர்கள் சொல்லவில்லை. தன்னையும் குடும்பத்தையும் காக்க அல்லாஹ் வைத்த ஆற்றல் அது. மிகுந்தால் அழிக்கும், முற்றிலும் இல்லாவிட்டாலும் குறையே. அது பொங்கும்போது நின்றவர் அமரவும், அமர்ந்தவர் படுக்கவும், ஒளு செய்யவும் நபிவழி கற்பிப்பதை எடுத்துக்காட்டி, அறிவாலும் செயலாலும் சேர்த்தே அதைத் தணிக்குமாறு அறிவுறுத்தினார்கள்.

இரண்டாவது, பழக்கம். அழகிய கையெழுத்தை விரும்புபவன், கைதேர்ந்தவனின் எழுத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்ப எழுத எழுத அது அவனுடைய இயல்பாகிவிடுகிறது. குணமும் அவ்வாறே. மனம் இசையும்வரை காத்திராமல் முதலில் உறுப்புகளால் நற்செயலைச் செய்தால், மெல்ல மெல்ல மனம் அதற்கு இசையும். சோர்ந்து கிடப்பவரைச் சிறு சிறு செயல்களில் ஈடுபடுத்தி மனத்தை மீட்பது இன்றைய மனநல மருத்துவத்திலும் ஒரு சிகிச்சை முறையாக உள்ளது.

மூன்றாவது, கணக்குப் பார்த்தல். வணிகன் தன் கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, மாலையில் லாப நட்டக் கணக்குப் பார்ப்பது போல ஒவ்வொருவரும் தம் நஃப்ஸிடம் கணக்குக் கேட்க வேண்டும். வணிகர்கள் மிகுந்த நம் ஜமாஅத்துக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

நான்காவது, வஸ்வாஸ். ஒளு கூடியதோ இல்லையோ என்று மீண்டும் மீண்டும் கழுவுவோர், தக்பீர் கட்டும்போது நிய்யத்து சரியாக அமையவில்லை என்று திரும்பத் திரும்பத் தொடங்குவோர், ஓர் எழுத்தின் உச்சரிப்பிலேயே நின்றுவிடுவோர் ஆகியோரின் நிலையை இமாமவர்கள் எடுத்துரைத்து, இது பேணுதல் அன்று, மயக்கமே என்று தெளிவுபடுத்தினார்கள். இத்தகைய எண்ணச் சுழற்சியால் துன்புறுவோர் நம் பள்ளிவாசல்களிலும் உள்ளனர். தண்ணீர்த் தொட்டியருகே நெடுநேரம் நிற்கும் அவர்களைக் கண்டு நகைப்பதோ, பக்தியெனப் புகழ்வதோ முறையன்று. இன்று இதற்குப் பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன.

ஐந்தாவது, அச்சமும் ஆதரவும். இவையிரண்டும் மருந்துகள் என்றும், நோயறிந்து கொடுக்க வேண்டும் என்றும் இமாமவர்கள் விதித்தார்கள். பாவத்தில் துணிந்து திரிபவனுக்கு அச்சமூட்டல் மருந்து. நம்பிக்கையிழந்து வணக்கத்தைக் கைவிட்டவனுக்கும், அச்சம் மிகுந்து தன்னையும் குடும்பத்தையும் வருத்துபவனுக்கும் அல்லாஹ்வின் கருணையை நினைவூட்டலே மருந்து. அவனிடம் மேலும் நரகத்தைக் காட்டி அச்சுறுத்துவது, சூட்டு நோய்க்குச் சூட்டு மருந்து தருவதற்கு ஒப்பாகும். மனமுடைந்தவர்களுக்கு உபதேசம் செய்யப் புறப்படும் நாம் அனைவரும் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

ஆறாவது, மருத்துவம். மருந்து உண்பது தவக்குலுக்கு முரணானதன்று என்று இமாமவர்கள் விளக்கினார்கள். மருத்துவக் கல்வி சமுதாயத்தின் மீது ஃபர்ளு கிஃபாயா என்றும், ஓர் ஊரில் ஒருவரும் அதைக் கற்காவிடில் ஊரே குற்றத்துக்குள்ளாகும் என்றும் எழுதினார்கள். எல்லோரும் ஃபிக்ஹுக் கலையின் வாதங்களில் மூழ்கி, மருத்துவத்தைக் கைவிட்டதைக் கண்டித்தார்கள்.

நம் கடமை

நம் மாநிலத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் நோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு உறவினர்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். துஆ வேண்டும், அதற்கு எவரும் மறுப்புக் கூறார். ஆனால் துஆவோடு மருத்துவமும், இவ்விரண்டோடு மனிதக் கண்ணியமும் வேண்டும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. மருத்துவம் பெறுவதை அவருடைய உரிமையாகவும் ஆக்கியுள்ளது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. 2022 இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஜமாஅத் என்ற முறையில் நாம் செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. வழக்கமாக ஜமாஅத்தோடு தொழுபவர் சில நாள்களாக வரவில்லையெனில் ஒருவர் வீடு சென்று நலம் விசாரிக்கலாம். விசாரிக்கும்போது குறை கூறாமல் காது கொடுத்துக் கேட்கலாம். கடனாலும், வெளிநாட்டுப் பிரிவாலும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாலும், தேர்வுத் தோல்வியாலும் துவண்டவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணை நிற்கலாம். வறியவர்களின் மருத்துவச் செலவுக்கு உதவும்போது மனநோயையும் நோயாகவே கணக்கில் கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டதை வெளியே சொல்லாமல் அமானிதமாகக் காக்கலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பேச்சிழந்து கிடந்த நாளில் அவர்களுக்கு மருத்துவர்கள் இருந்தனர். பொறுப்பை ஏற்கத் தம்பி இருந்தார். பிள்ளைகளுக்கு வாழ்வாதாரம் இருந்தது. மீண்டுவர அல்லாஹ் பத்தாண்டு அவகாசம் அளித்தான். நம்மிடையே துன்புறும் சகோதரருக்கும் சகோதரிக்கும் இவற்றுள் எது குறைவாக இருக்கிறதோ, அதை நிரப்புவது ஜமாஅத்தின் பொறுப்பாகும்.

வல்ல அல்லாஹ் இமாமவர்களின் தரஜாவை உயர்த்துவானாக! நோயுற்ற உள்ளங்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும், நம் அனைவருக்கும் பிறர் துயர் உணரும் கல்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.